இசே: பக்கத்து மனை எப்போதும் காலியாக இருக்கும் கோயில்

ஜப்பானின் மியே மாநிலத்தில் இசே என்றொரு ஊர். அங்குள்ள பெரிய கோயிலின் கருவறையை ஒட்டினாற்போல், அதே அளவில் இன்னொரு மனை காலியாகக் கிடக்கிறது. தரை முழுக்கக் கூழாங்கல். நடுவே ஒரு சின்ன மரக்கூடு. முதல்முறை பார்ப்பவர், ஏதோ இடிந்துபோன கட்டடம் இருந்த இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். பாதி சரிதான். 2013 வரை கோயில் அங்கேதான் இருந்தது. 2033-ல் மறுபடியும் அங்கேதான் இருக்கப்போகிறது.

இதற்கு ஷிக்கினென் செங்கூ என்று பெயர். குறித்த ஆண்டில் சாமியை இடம் மாற்றுவது என்று பொருள் சொல்லலாம். 20 ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்து மனையில் அதே அளவில், அதே அமைப்பில் புதுக் கோயில் எழுப்புகிறார்கள். ஓர் இரவில் தெய்வம் அங்கே எழுந்தருளுகிறது. பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கட்டடத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. உள்ளே சாமிக்கென்று இருக்கும் வாள், வில், கண்ணாடி, பட்டாடை, நெசவுக் கருவி என 714 வகையில் 1,576 பொருட்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன. முதல் செங்கூ கி.பி. 690-ல், ஜித்தோ பேரரசி காலத்தில் நடந்தது. 2013-ல் நடந்தது 62-வது.

நம் ஊரில் பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துவதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இதுதானே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் பொருந்தும். நாம் கருங்கல்லை அப்படியே விட்டுவிட்டு மற்றதைப் புதுப்பிக்கிறோம். இசேயில் அடிக்கல்லே கிடையாது. ஹினோகி என்ற சைப்ரஸ் வகை மரத்தின் தூணை நேராக மண்ணில் நடுகிறார்கள். மேலே புல் கூரை. ஈரம் மிகுந்த ஊரில் அப்படி நட்ட தூண் எத்தனை காலம் தாங்கும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். அழியும் என்று தெரிந்தே கட்டிய கோயில் இது.

அப்படியென்றால் இங்கே 1,300 ஆண்டுப் பழசு எது? இந்த ஆய்வின் கேள்வி அதுதான். 'சடங்கு' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பதிலும் முழுசாக நிற்காது. 123 ஆண்டு அந்தச் சடங்கே நடக்காமல் கிடந்த கதை ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இசே ஒரே கோயில் இல்லை. சூரிய தேவி அமதேராசுவுக்கான உள் கோயில் நைக்கூ. உணவுக்குரிய தெய்வமான தொயோஉகேவுக்கான வெளிக் கோயில் கெக்கூ. இவற்றைச் சுற்றிச் சின்னதும் பெரிதுமாக மொத்தம் 125 சன்னதிகள். வெளிக் கோயிலில் தினமும் காலையும் மாலையும் தெய்வங்களுக்குப் படையல் உண்டு. அதற்கான தீயை இன்றும் அரணி கடைந்துதான் எடுக்கிறார்கள். அரிசி கோயிலின் சொந்த வயலில் விளைகிறது, உப்பு கோயிலின் சொந்த உப்பளத்தில். படைக்கும் மண்தட்டு ஒருமுறைக்குத்தான். அப்புறம் உடைத்து மண்ணிலேயே போட்டுவிடுவார்கள். பயன்படுத்து, மண்ணுக்கே திருப்பிக் கொடு, புதிதாகச் செய் என்று நாள்தோறும் நடக்கிற இதே வேலைதான் 20 ஆண்டுக்கு ஒருமுறை பெரிய அளவில் நடக்கிறது.

ஏன் சரியாக 20? கி.பி. 927-ல் தொகுக்கப்பட்ட எங்கிஷிகி என்ற சட்டத் தொகுப்பு, பெரிய கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை கட்டவேண்டும் என்று விதிக்கிறது, காரணம் சொல்வதில்லை. புல் கூரையின் ஆயுள் என்கிறார்கள் சிலர். காயவைத்த சோற்றைக் களஞ்சியத்தில் வைத்திருக்கக்கூடிய கால அளவு என்கிறார்கள் வேறு சிலர். ஒரு தச்சர் இளைஞராக ஒரு செங்கூவில் எடுபிடி வேலை பார்த்து, நடுவயதில் அடுத்ததில் தலைமை ஏற்று, மூன்றாவதில் மூத்தவராக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இந்த இடைவெளி தோதாக இருக்கிறது என்பதுதான் எல்லோரும் விரும்பும் விளக்கம். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அது பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்ட பலனாகவும் இருக்கலாம். பலனைக் காரணமாக எழுதிவிடும் வழக்கம் மரபு பற்றிய எழுத்துகளில் கொஞ்சம் அதிகம்.

மரம் படுக்கும் நாள்

ஒரு செங்கூவுக்கு எட்டு ஆண்டு வேலை. 2033-க்கான வேலை 2025 மே 2-ல் மலையடிவாரத்தில் நடந்த பூசையோடு தொடங்கியது. அந்த ஜூன் 3-ல், நாகானோ மாநிலத்தின் கிசோ மலைப்பகுதியில் அகெமட்சு என்ற இடத்தில் முதல் மரங்கள் இரண்டு வெட்டப்பட்டன. உள் கோயிலுக்கு ஒன்று, வெளிக் கோயிலுக்கு ஒன்று.

வெட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ரம்பம் கிடையாது, கோடரி மட்டும். அடிமரத்தில் மூன்று பக்கமிருந்து குடைந்துகொண்டே போகிறார்கள். நடுவே வெறும் கூடாகி, மரம் மூன்று கால்களில் நிற்கிறது. முக்காலி மாதிரி. கடைசியில் ஒரு காலை வெட்டும்போது, மரம் எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கம் விழும். உள்ளே சிதைவில்லாமல் அடிமரம் முழுசாகக் கிடைக்கும். விழப்போகும் நேரத்தில் வெட்டுகிறவர் மலையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். 'விழுகிறது' என்று கத்துவதில்லை. 'படுக்கப்போகிறது' என்று சொல்லுகிறார். இரண்டாவது மரம் முதல் மரத்தின் மேல் குறுக்காக விழுந்து படுக்கிறது. பிறகு வெட்டிய மரத்தின் நுனிக்கிளை ஒன்றை ஒடித்து, அதன் அடிக்கட்டையிலேயே நட்டுவைக்கிறார்கள்.

ஒரு செங்கூவுக்கு ஏறக்குறைய 10,000 ஹினோகி மரங்கள் தேவை. கதை இங்கேதான் சிக்கலாகிறது. ஆரம்பத்தில் கோயிலைச் சுற்றியுள்ள மலையிலேயே மரம் கிடைத்தது. சில நூற்றாண்டுகளில் பெரிய மரம் தீர்ந்தது. வேறு மலை, அப்புறம் இன்னொரு மலை என்று நகர்ந்து, 18-ம் நூற்றாண்டிலிருந்து பெரும்பாலும் கிசோவை நம்பவேண்டியதாயிற்று. 'இயற்கையோடு இணைந்த மரபு' என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப்போய்விடுகின்றன. இயற்கையைத் தின்று தீர்த்த மரபும் இதுவேதான்.

அதற்குக் கோயில் கண்ட வழி 1923-ல் தொடங்குகிறது. கோயிலுக்குச் சொந்தமாக ஏறக்குறைய 5,500 ஹெக்டேர் காடு இருக்கிறது. அதில் ஹினோகி வளர்த்து, 200 ஆண்டுகளில் கோயிலுக்கான மரத்தைக் கோயிலே கொடுத்துக்கொள்ளவேண்டும் என்று திட்டம் போட்டார்கள். பெரிய தூணுக்கு என்று பொறுக்கிய மரத்தில் வெள்ளைச் சாயத்தில் இரட்டை வளையம், மற்றதற்கு ஒற்றை வளையம். 2013 செங்கூவில் ஏறக்குறைய கால்பங்கு மரம் இந்தக் காட்டிலிருந்தே வந்தது. சொந்த மலை மரம் கோயிலுக்குப் பயன்பட்டது சுமார் 700 ஆண்டுக்குப் பிறகு அதுதான் முதல்முறை. திட்டம் போட்டவர்கள் யாரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. திட்டம் முழுசாகப் பலிக்க 2120-களாகும்.

கூரைக்கான புல்லும் கோயிலின் சொந்தப் புல்வெளியிலிருந்துதான். அதையும் பல ஆண்டு அறுத்துச் சேர்த்துவைக்கவேண்டும். மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டு, எடுத்து உலரவிட்டு, பிறகு அறுக்கிறார்கள். முதல்கட்ட அறுப்புக்கு இப்போது இயந்திரம் வந்துவிட்டது. இழைப்பதும் பொருத்துவதும் கையால். இதை மறைப்பதில்லை என்பது நல்ல விஷயம்.

வடம்

மரம் வந்து சேர்ந்ததும் அதை ஊர் இழுக்கிறது. ஒகிஹிகி என்ற இந்த விழாவைத் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இரண்டு நீண்ட வெள்ளை வடம், இருபுறமும் நூற்றுக்கணக்கானவர்கள், வண்டிமேல் ஏறி நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவர்கள், பதில் குரல். வெளிக் கோயிலுக்கான மரம் மரச்சக்கர வண்டியில் தெரு வழியாக வருகிறது. அச்சு உராய்ந்து 'ம்ம்ங்' என்று எழுப்பும் ஓசைக்குத் தனிப் பெயரே உண்டு. அந்த ஓசை நன்றாக வரவில்லையென்றால் வண்டி செய்தவருக்கு மரியாதை இல்லை. உள் கோயிலுக்கான மரம் இசுசு ஆற்றில், தண்ணீருக்குள் இறங்கி இழுக்கப்படுகிறது. 2006, 2007-ல் இப்படி நடந்தது. இந்தச் சுற்றுக்கு 2026, 2027.

அப்புறம் கட்டி முடிந்த பிறகு, கடைசிக் கோடையில், கல் சுமக்கும் விழா. மியா ஆற்றங்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கற்களை ஊர்மக்கள் வெள்ளைத் துணியில் பொதிந்து எடுத்துவந்து புதுக் கருவறையைச் சுற்றிப் பரப்புகிறார்கள். மற்ற நாட்களில் சாதாரண ஆள் நான்கு வேலிகளுக்கு வெளியே, ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பவேண்டும். கருவறைக் கூரையின் நுனிதான் தெரியும். படம் எடுக்கக்கூடாது. கல் சுமந்தவருக்கு மட்டும், சாமி குடிவருவதற்கு முன்னால், புது மரத்தின் வாசனை வரும் தூரத்தில் நிற்கக் கிடைக்கிறது. 20 ஆண்டில் ஒரே ஒருமுறை. தாத்தா போட்ட கல் எங்கே, அப்பா போட்ட கல் எங்கே என்றெல்லாம் யாரும் தேடமுடியாது. எல்லாம் வெள்ளைக் கல்தான்.

இதைத் தெருத்தெருவாகக் குழு அமைத்து நடத்துகிறார்கள். 2013-ல் அப்படி எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள். வெளியூர்க்காரர்களும் ஒருநாள் ஊர்க்காரராகப் பதிவு செய்துகொண்டு வடம் பிடிக்கலாம். இந்த ஏற்பாட்டைப் பற்றிக் குறை சொல்வோர் உண்டு, சுற்றுலா ஆகிவிட்டது என்று. இசே நகரத்தில் இப்போது ஏறக்குறைய 1.2 லட்சம் பேர்தான். இளைஞர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வடத்துக்கு ஆள் வேண்டும். பரிசுத்தம் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி நகராது.

இரவு 8 மணி

2013 அக்டோபர் 2 இரவு உள் கோயில், அக்டோபர் 5 இரவு வெளிக் கோயில். விளக்குகள் அணைக்கப்படுகின்றன. பழைய கருவறைக் கதவுக்கு முன்னால் ஒரு பூசகர் மூன்றுமுறை சேவல்போலக் கூவுகிறார். அமதேராசு குகைக்குள் ஒளிந்துகொண்டபோது சேவலைக் கூவவைத்து வெளியே வரவழைத்த பழங்கதையின் எச்சம் அது. அரசனின் தூதர், எழுந்தருளும்படி மூன்றுமுறை வேண்டிக்கொள்கிறார். பிறகு வெள்ளைப் பட்டுத் திரை நான்கு பக்கமும் மறைக்க, நூற்றுக்கு மேற்பட்டோர் சூழ, தெய்வத்தின் அடையாளமான கண்ணாடி புது இடத்துக்கு நடந்துபோகிறது. சிறிது தூரம்தான். அழைக்கப்பட்டவர்கள் இருட்டில் கேட்பது கூழாங்கல்லின்மேல் காலடிச் சத்தம் மட்டும்.

அந்த ஆண்டில் இரண்டு கோயில்களுக்கும் சேர்த்து 1.4 கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். முக்கியமான தருணத்தைப் பார்த்தவர் என்று அவர்களில் யாரையும் சொல்லமுடியாது. காட்டாமலேயே இத்தனை கூட்டத்தை ஈர்க்கும் விழா அபூர்வம்.

123 ஆண்டு இடைவெளி

இப்போது அந்தக் கதை. 'ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இடைவிடாமல்' என்ற வாக்கியத்தை இசே பற்றிய பல கட்டுரைகளில் பார்க்கலாம். அது தவறு. உள் கோயிலில் 1462-க்குப் பிறகு அடுத்த செங்கூ 1585-ல்தான். வெளிக் கோயிலில் 1434-க்குப் பிறகு 1563. நடுவே உள்நாட்டுப் போர்கள். அரண்மனையில் பணமில்லை, வரி வசூலிக்க அதிகாரமில்லை. கோயில் சாய்ந்தது. தெய்வம் தற்காலிகக் கூடங்களில் இருந்தது. முடிவே தெரியாத பாலாலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஐந்தாறு தலைமுறைத் தச்சர்கள் ஒரு பெருங்கோயிலைக் கட்டிப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

மீட்டது யார்? அரசரும் இல்லை, பூசகர்களும் இல்லை. பௌத்தத் துறவிப் பெண்கள்.

இதன் விசித்திரம் புரிய, இசேயில் பௌத்தத்துக்கு இருந்த இடத்தைச் சொல்லவேண்டும். அரச குடும்பத்துப் பெண் ஒருவர் தெய்வத்துக்குப் பணிசெய்ய இசேக்கு அருகே குடியிருத்தப்பட்டிருந்த காலத்தில், அந்த மாளிகையில் சில சொற்களை வாயால் சொல்லவே கூடாது. புத்தரை 'நடுவில் இருப்பவர்' என்றார்கள். சூத்திர ஏட்டுக்கு 'சாயக் காகிதம்' என்று பெயர். பௌத்த ஆலயம் 'ஓட்டுக் கூரை' ஆனது. மொட்டையடித்த துறவிக்கோ 'நீள்முடி'! இடக்கரடக்கலில் இவ்வளவு குறும்பு வேறெங்கும் கண்டதில்லை. துறவிகள் கருவறைக்கு அருகே வரவும் முடியாது. தள்ளி ஓர் இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும்.

அந்தத் துறவிகளில், கெய்கோஇன் என்ற மடத்துப் பெண்கள் ஊர் ஊராக நடந்து காசு சேர்த்தார்கள். முதலில் இசுசு ஆற்றின்மேல் உள்ள உஜி பாலத்துக்கு. பிறகு கோயிலுக்கே. செய்ஜுன் என்ற துறவி சேர்த்த பணத்தில் 1563-ல் வெளிக் கோயில் செங்கூ நடந்தது. அவருக்குப் பின் வந்த ஷூயோ உள் கோயிலுக்காக அதே வேலையைத் தொடர்ந்தார். அப்போது நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த போர்த்தலைவர் ஓடா நொபுனாகா 3,000 கான் (அன்றைய நாணய அளவு) பணம் கொடுத்தார். அந்த ஆண்டே, 1582-ல், அவர் இறந்துபோக, அவருக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த ஹிதெயோஷி மிச்சத்தைக் கொடுத்தார். 1585-ல் இரண்டு கோயில்களுக்கும் நடந்தது. எந்தக் கோயிலுக்கு முதலில் என்று இரு தரப்புப் பூசகர்களுக்கும் அப்போது சண்டை வந்ததாம். இத்தனை ஆண்டுக்குப் பிறகு நடக்கிறதே என்ற நிம்மதியைவிட முதல் மரியாதை யாருக்கு என்பது பெரிதாகப் போய்விட்டது. கடைசியில் உள் கோயிலுக்கே முதலிடம் கிடைத்தது.

இந்த மீட்பைத்தான் இந்த ஆய்வின் மையமாக நான் கருதுகிறேன். உள் கோயிலில் 1585-ல் கட்டியவர்களில் யாருமே 1462-ல் கட்டியதைப் பார்த்தவர்கள் இல்லை. கையிலிருந்து கைக்குப் போகும் அறிவு அங்கே அறுந்திருக்கவேண்டும். ஏடுகள், அளவுகள், சிறு சன்னதிகளில் மிஞ்சிய பழக்கம் ஆகியவற்றை வைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். மெய்ஜி அரசர் காலத்திலும் (1868-1912) கோயில் வளாகத்தின் அமைப்பை, பழைய ஏடுகளைப் பார்த்து மாற்றினார்கள். ஆக, ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக அதே கோயில் என்பதும் முழு உண்மை இல்லை. இசேயில் மாறாமல் வந்தது, இதைத் திரும்பக் கட்டியே ஆகவேண்டும் என்ற கடமைதான். அந்தக் கடமையை ஏற்றவர்கள் அவ்வப்போது மாறியிருக்கிறார்கள், சில சமயம் வாசலில் நிற்கவே அனுமதி இல்லாதவர்கள்.

1868-ல் மெய்ஜி அரசு, இசே சார்ந்த ஜப்பானியத் தெய்வ வழிபாடான ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது இசேப் பகுதியின் பௌத்த ஆலயங்கள் பல மூடப்பட்டன. கெய்கோஇன் மடமும் மூடப்பட்டது. அதன் கட்டடம் இன்றும் உள் கோயிலுக்குப் போகும் தெருவில் நிற்கிறது, கோயிலின் தலைமைப் பூசகருக்கான இல்லமாக. அந்த வழியாகத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு நடக்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கான்கிரீட்டும் சட்டமும்

மெய்ஜி காலத்திலிருந்து 1945 வரை செலவை அரசு ஏற்றது. 1904-ல் நடந்ததாக ஒன்று சொல்வார்கள். பெரிய மரம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, தூணுக்கடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் 200 ஆண்டு தாங்குமே என்று அமைச்சர்கள் அரசரிடம் யோசனை சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த யோசனையில் தவறே இல்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. கட்டடத்தைக் காப்பாற்ற நினைத்த எந்தப் பொறியாளரும் அதைத்தான் சொல்வார். கட்டடம் 200 ஆண்டு நின்றிருக்கும். அதைக் கட்டத் தெரிந்தவர்கள் நாற்பது ஆண்டுக்குள் இல்லாமல் போயிருப்பார்கள்.

போரில் தோற்றதும் நிலைமை தலைகீழ். 1945 டிசம்பரில் நேச நாடுகளின் ஆணை ஷிண்டோவை அரசிடமிருந்து பிரித்தது. புதிய அரசியலமைப்பு மதத்துக்குப் பொதுப்பணம் தருவதைத் தடுத்தது. 1949-ல் வரவேண்டிய 59-வது செங்கூ ஒத்திவைக்கப்பட்டது. ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. பாலத்தையாவது குறித்த காலத்தில் கட்டுவோம் என்று 1949-லேயே உஜி பாலத்தைப் புதுப்பித்தார்கள். செங்கூ, நாடெங்கும் திரட்டிய நன்கொடையில், நான்கு ஆண்டு தாமதமாக 1953-ல் நடந்தது. அந்த நான்கு ஆண்டு முன்பின் இன்றும் தொடர்கிறது. பாலம் 1989, 2009. கோயில் 1993, 2013. ஒரு விபத்து வழக்கமாகி, இனி அதுவே மரபு.

2013 செங்கூவுக்கு 5,500 கோடி யென் அளவுக்குச் செலவு. எல்லாம் கோயில் வருமானமும் நன்கொடையும். அந்த இரவில் பிரதமர் ஷின்சோ அபே கலந்துகொண்டார். 1929-க்குப் பிறகு ஒரு பிரதமர் வந்தது அதுதான் முதல்முறை. மதமும் அரசும் மறுபடி நெருங்குகின்றனவா என்ற கேள்வி உடனே எழுந்தது. எழவேண்டிய கேள்விதான். போருக்கு முன் இந்தக் கோயிலை வைத்து நடந்த அரசியலை ஜப்பானியர்கள் மறந்துவிடவில்லை.

பட்டியலில் இல்லாத பெயர்

இசே, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இல்லை. பலருக்கு வியப்பாக இருக்கும். நாரா அருகே உள்ள ஹோரியு-ஜி என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. உலகில் இன்னும் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. ஹோரியு-ஜி, தூணைக் காப்பாற்றியது. இசே, தூண் நடும் வேலையைக் காப்பாற்றியது.

இரண்டின் வரலாறும் விநோதமாக ஒட்டிக்கொண்டே போகின்றன. இசேயில் செங்கூ தவறிய அதே 1949-ன் ஜனவரியில் ஹோரியு-ஜியில் தீப்பிடித்து விலைமதிப்பற்ற சுவரோவியங்கள் கருகின. அந்த அதிர்ச்சியில் 1950-ல் வந்த சட்டம்தான் கட்டடம், சிலை போன்றவற்றோடு கைத்திறனையும் கலையையும் தொட்டுப்பார்க்க முடியாத பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1993 அக்டோபரில் இசேயில் 61-வது செங்கூ. அதே டிசம்பரில் ஹோரியு-ஜி உலகப் பட்டியலில் ஏறியது. அடுத்த ஆண்டு நவம்பரில் நாராவில் கூடிய வல்லுநர்கள், எது அசல் என்பதை எல்லாப் பண்பாட்டுக்கும் ஒரே அளவுகோலால் அளக்கமுடியாது என்று ஓர் ஆவணம் எழுதினார்கள்.

ஆனால் பட்டியல் என்பது இசே போன்ற கோயிலுக்கு நல்லதா? கியோட்டோவின் காமோ கோயில்களைப் பாருங்கள். அங்கேயும் 21 ஆண்டுக்கு ஒருமுறை செங்கூ மரபு உண்டு. ஆனால் 1863-ல் கட்டிய கருவறைகள் தேசியச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டன. தேசியச் செல்வத்தை இடிக்க முடியுமா? எனவே செங்கூ என்ற பெயரில் இப்போது நடப்பது பழுதுபார்ப்பும் கூரை மாற்றமும்தான். இசுமோ என்ற இன்னொரு பெரிய கோயிலிலும் அப்படியே. 1744-ல் கட்டிய கருவறையின் கூரை 2013-ல் புதுப்பிக்கப்பட்டது. மரியாதை கொடுத்து நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லலாம். இசேயின் கருவறைக்கு அந்தப் பட்டம் இல்லாததால்தான் அதை இன்னும் பிரிக்க முடிகிறது. பட்டம் கொடுக்க அதற்குப் போதிய வயதும் ஆவதில்லை.

ஒரு சடங்கைப் பாரம்பரியம் என்று எழுதிவைக்கப் புறப்படுகிறவர்கள் கையில் எடுக்கவேண்டிய முதல் எடுத்துக்காட்டு இது என்பேன். பொருளைக் காக்க எழுதிய விதி, செயலை நிறுத்திவிடும். காமோவில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை.

இசேக்கும் கவலைகள் இல்லாமல் இல்லை. புனிதப் பொருட்களில் ஒரு வாள் உண்டு. அதன் பிடியில் தோகி என்ற செம்முகக் கொண்டைப் பறவையின் இறகு இரண்டு வைத்துக் கட்டவேண்டும். ஜப்பானில் பிறந்த கடைசித் தோகி 2003-ல் சாதோ தீவில் செத்துப்போனது. 1999 முதல் சீனா கொடுத்த பறவைகளிலிருந்து பெருகியவைதான் இப்போது அங்கே பறப்பவை. அந்த வாளை மறுபடி செய்யவேண்டும் என்றால் பறவையும் மறுபடி வேண்டும். பட்டுச் சாயம், அரக்கு, உலோக வேலை எல்லாவற்றிலும் இதேபோல, 20 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் பொருளை யார் தயாரித்துக்கொண்டிருப்பது என்ற கேள்வி நிற்கிறது. தச்சர்களுக்கு நிலைமை பரவாயில்லை. 125 சன்னதிகளில் ஏதாவது ஒன்றுக்கு வேலை நடந்துகொண்டே இருக்கும்.

பழைய பொருட்களை ஒரு காலத்தில் புதைத்தார்கள் அல்லது எரித்தார்கள், சாமியுடையது வேறு கைக்குப் போகக்கூடாது என்று. மெய்ஜி காலத்துக்குப் பிறகு பாதுகாத்து, கோயிலின் அருங்காட்சியகத்தில் காட்டுகிறார்கள். அடுத்த முறை செய்யப்போகிறவர்கள் பார்த்துக்கொள்ள அது உதவுகிறது.

பிரித்த மரத்தை எறிவதில்லை. கூரை முகட்டைத் தாங்கித் தனியே நிற்கும் பெருந்தூண்கள் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரணவாயிலாகின்றன. ஒரு முனையில் உள் கோயில் மரம், மறு முனையில் வெளிக் கோயில் மரம். அங்கே 20 ஆண்டு நின்ற பிறகு பழைய தோக்கைதோ நெடுஞ்சாலையில் இசேக்கு வழி பிரியும் செகி என்ற ஊருக்கும், குவானா படகுத்துறைக்கும் போகின்றன. மற்ற மரங்கள் நாடெங்குமுள்ள சின்னக் கோயில்களுக்குப் போகின்றன. நிலநடுக்கத்தில் இடிந்த கோயில்களும் அவற்றில் அடக்கம். குவானாவில் பயணிகள் இப்போது படகேறுவதில்லை. ஆற்றோரம் அந்த வாயில் மட்டும் நிற்கிறது, இருபது ஆண்டு சாமிக்குக் கூரை தாங்கி, இருபது ஆண்டு பாலத்தில் ஆட்களை வரவேற்ற அதே ஹினோகித் தூண்களோடு. 2013-ல் நட்ட தூண்களுக்கு அந்த முறை வர இன்னும் வெகுநாள் இருக்கிறது.